நிலவறை முரசு

ரஜப் பிறை 4

இன்றும் சுங்கூர் பேகின் காலைக் கழுவிக் கட்டுப் போட்டேன். இங்கே அரசனைப் பேகு என்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே அம்பு தைத்த இடம் இரண்டு வருடமாக ஆறாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது. கட்டை அவிழ்த்தால் குடலைப் பிடுங்கும் நாற்றம். அதற்கு நடுவே அவர் ஆட்டுவால் கொழுப்பை ரொட்டியில் தடவித் தின்று, விரல்களை ஒவ்வொன்றாக நக்குகிறார். எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வேண்டாம் என்றால் கோபம் வரும். வாங்கி மடியில் ஒளித்து வைத்துக்கொண்டு, பிறகு நாய்க்குப் போட்டேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது.

நான் காயல்பட்டினத்துச் செய்கு நெய்னா. பாரசீகத்து ஹுர்முஸ் துறையில் குதிரை வாங்கி நம் பக்கம் கப்பலேற்றும் முதலாளியிடம் குதிரை வைத்தியனாக இருந்தேன். வடக்கே நல்ல குதிரை கிடைக்கிறது, போய்ப் பார் என்று முதலாளி அனுப்பினார். வழியில் பேகின் ஆட்கள் எங்கள் கூட்டத்தை மறித்துக் குதிரைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கூடவே என்னையும். பேகின் செங்குதிரைக்குக் குளம்பில் சீழ் கட்டியிருந்தது. அறுத்து ஆற்றினேன். அதைப் பார்த்ததும் அவர் தன் காலையும் நீட்டிவிட்டார். மனிதருக்கு வைத்தியம் தெரியாது என்று எவ்வளவோ சொன்னேன்.

"குதிரைக்குக் கேட்டது எனக்குக் கேக்காதாக்கும்?" என்றார்.

அன்று முதல் நான் ஹக்கீம். கால் ஆறினால் ஊருக்கு அனுப்பி வைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருடைய வாக்கு எப்படிப்பட்டது என்பதைப் பிறகு எழுதுகிறேன்.

அரபு எழுத்தில் எழுதினால் இங்குள்ள முல்லாக்கள் எழுத்துக்கூட்டிப் பார்ப்பார்கள். அதனால் தமிழ் எழுத்து. மனம்போல் திட்டலாம். இவர்கள் துருக்கி மொழியில் பேசுவதெல்லாம் என் கைக்கு வரும்போது எங்கள் ஊர்ப் பேச்சாகிவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

ரஜப் பிறை 7

வாக்கைப் பற்றி.

மேற்கே உதுமானியர்களின் சுல்தான் வருடத்துக்கு ஒரு நாடாக விழுங்கிக்கொண்டு வருகிறார். இந்த மலைகளில் இருந்த பேகுமார்களில் விழுங்கப்படாமல் மிஞ்சியவர் எங்கள் ஆள் ஒருவர்தான். வீரத்தால் மிஞ்சினார் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சுல்தான் கடல் தாண்டி அந்தப் பக்கம் போருக்குப் போன சமயம் பார்த்து இவர் இந்தப் பக்கம் அவருடைய ஊர்களைக் கொள்ளையடிப்பார். சுல்தான் படையோடு திரும்பியதும் குர்ஆன்மேல் கை வைத்து, இனி செய்யமாட்டேன் என்று அழுவார். மூன்று தடவை சத்தியம், மூன்று தடவையும் மீறல். கடைசித் தடவை சுல்தானின் படைக்குத் தானியம் கிடைக்கக்கூடாது என்று தன் சொந்தக் குடிகளின் களஞ்சியங்களுக்கே தீ வைத்தார். அந்தக் குளிர்காலத்தில் எத்தனை குழந்தைகள் செத்தன என்று இங்கே யாரும் பேசுவதில்லை. தீ வைத்த கதையை மட்டும் தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். இப்படிப்பட்ட ஆளின் காலைத்தான் தினமும் தேன் தடவிக் கழுவுகிறேன். த்தூ.

இந்தத் தடவை சுல்தான் சத்தியத்தை மட்டும் நம்பவில்லை. பேகின் ஒரே மகன் இல்யாஸைப் பிணையாகப் பிடித்து வைத்துக்கொண்டார். பத்தொன்பது வயதுப் பையன். பேகிடமிருந்து முரசு உரிமையையும் பறித்தார். இந்த நாட்டில் ஒருவன் தன் கோட்டையில் பிற்பகல் அஸர் தொழுகை நேரத்தில் தன் முரசை அடித்தால், நான் யாருக்கும் கட்டுப்பட்டவன் இல்லை என்று அர்த்தம். முரசு அடிக்கிறவன் அரசன். மற்றவர் முரசுக்கு எழுந்து நிற்கிறவன் அடங்கியவன்.

இன்று சுல்தானிடமிருந்து ஆள் வந்தது. அடுத்த மாதம் ஷஃபான் நடுவில் தூதர் ஒருவர் சுல்தானின் முரசோடும் பட்டு அங்கியோடும் வருவாராம். சபையில் அந்த முரசு ஒலிக்கும்போது, கடைசி அடி விழும் வரை, பேகு தன் ஜனங்களின் முன் யார் துணையும் இல்லாமல் எழுந்து நிற்க வேண்டும். நின்றால் மன்னிப்பு. உட்கார்ந்திருந்தாலும், தன் முரசை மறுபடி அடித்தாலும் இல்யாஸின் கண்களில் பழுக்கக் காய்ச்சிய கம்பி. இவ்வளவையும் அந்த ஆள் அவ்வளவு மரியாதையாகச் சொன்னான்.

பேகினால் ஒரு ஃபாத்திஹா ஓதி முடிக்கும் நேரம்கூட அந்தக் காலில் நிற்க முடியாது. இது தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், அவருடைய அக்கா ஆய்பிகே, நான்.

ரஜப் பிறை 9

எலும்பு செத்துவிட்டது, காலை எடுத்துவிடலாம் என்றேன். தயிர்க் கிண்ணம் பறந்து வந்து சுவரில் மோதியது.

காரணம் இருக்கிறது. பிறர் கை பிடிக்காமல் குதிரை ஏற முடியாதவனை இந்த மலைநாட்டார் பேகாக ஏற்க மாட்டார்களாம். பேகின் தம்பி தாவூத் எப்போதடா என்று காத்திருக்கிறான். காலைப் பற்றி ஒரு மூச்சு வெளியே போனால் தாவூத் ஒரு பக்கமும் சுல்தான் ஒரு பக்கமும் பாய்வார்கள். அதனால் தூதரிடம் உள்ளதைச் சொல்லிக் கெஞ்சவும் வழியில்லை.

இல்யாஸைப் பெற்றவள் பிரசவத்திலேயே போய்விட்டாளாம். வளர்த்தது ஆய்பிகே. அவர் இன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஹக்கீம், எந்தம்பிய நிக்க வைக்க முடியுமா முடியாதா? அத மட்டும் சொல்லும்."

முடியும் என்று சொல்லித் தொலைத்தேன்.

ரஜப் பிறை 10

எல்லாவற்றிலும் புளித்த பால் நாற்றம். என் தாடியிலும்.

ரஜப் பிறை 13

கொல்லனிடம் இரண்டு இரும்புப் பட்டைகள் அடித்து வாங்கினேன். எலும்பு முறிந்த குதிரைக்கு வைப்பதுபோல் முழங்காலுக்கு மேலிருந்து குதிகால் வரை வைத்துத் தோல்வாரால் இறுக்கினேன். மேலே அகலமான கால்சட்டையும் உயரமான தோல் ஜோடும் போட்டால் வெளியே தெரியவில்லை. எழுந்தார், நின்றார், விளக்கைத் தட்டிவிட்டுக்கொண்டு விழுந்தார். எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கும் என்று கேட்டேன். "நெறய நேரம்" என்கிறார். என்ன கணக்கோ.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது.

"எசமான், போர்க்குதிரைய முரசு அடிச்சுத்தான் பழக்குவோம். சத்தமில்லாம நின்னு பழகின குதிர முரசக் கேட்டதும் துள்ளிரும். நெலவறைல உங்க முரசு சும்மாதானே கெடக்கு? அத அடிச்சுப் பழகுவோம்."

ஆய்பிகேயின் முகம் மாறிவிட்டது. "வேணாம் தம்பி. அது சத்தம் வெளிய போனா என்னாகும்னு ஒனக்குத் தெரியும்."

"கம்பளியச் சுத்தி, கதவ அடச்சு அடிச்சா எலிக்குக்கூடக் கேக்காது" என்றேன்.

பேகின் கண்கள் கறி வாசம் கண்டதுபோல் பளபளத்தன. "என் முரசு… அது சத்தத்தக் கேட்டு ரெண்டு வருசமாச்சு லாத்தா" என்றார். அக்காவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா போய் நிலவறைச் சாவியை எடுத்து வந்தார்.

நல்ல யோசனைதான். நான் சொன்னேன் என்பதற்காகச் சொல்லவில்லை.

ரஜப் பிறை 14

நிலவறையில்தான் பாலாடைக்கட்டி வைத்திருக்கிறார்கள். ஆட்டுத்தோலை மயிரோடு பையாகத் தைத்து, அதற்குள் அடைத்துப் புளிக்கவிடுகிறார்கள். பைகளின் மேல் பச்சையாகப் பூத்திருக்கிறது. அதை வழித்துவிட்டு உள்ளே இருப்பதைத் தின்பார்களாம். உவ்வே. மூலையில் பாறையில் ஒரு துளை இருக்கிறது, அதன் வழியாகக் கொஞ்சம் காற்று வருகிறது. அதனால்தான் உயிரோடு திரும்பினேன்.

முரசடிக்க வெளி ஆளைக் கூப்பிட முடியாதே. எல்லோரும் தொழப் போயிருக்கும் அஸர் நேரத்தில் ஆய்பிகேதான் அடித்தார். சிறு வயதில் தகப்பன் முரசைக் கேட்டு வளர்ந்தவர், தாளம் பிசகவில்லை. பேகு பாதியில் விழுந்தார். விழும்போது என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்தார்.

ரஜப் பிறை 18

முக்கால்வாசி நின்றார். கடைசியில் பாலாடைப் பைமேல் சாய்ந்துகொண்டு, நிற்பதாகச் சாதித்தார். குதிரை ஏமாற்றாது. அதுதான் வித்தியாசம்.

ரஜப் பிறை 21

இன்று முழு முரசும் நின்றார். நின்று முடித்ததும் வேர்வையும் சளியும் ஒழுக என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். மூன்று முறை முகம் கழுவினேன்.

கட்டு மாற்றும்போது கேட்டார்: "ஓய், குதிரைக்குக் கண்ணுல சூடு பட்டா ஆறுமா?"

"ஆறாது எசமான்."

"கொஞ்சங்கூடத் தெரியாதா? வெளிச்சம், நெழலு…"

"தெரியாது."

அதன் பிறகு இன்று பூராவும் அவர் எதையும் தொடவில்லை. ஆட்டுக்கால் ஆறிக் கொழுப்பு உறைந்து கிடந்தது. வயிறு கெட்டிருக்கும். அந்தச் சாப்பாட்டுக்கு வேறென்ன ஆகும்? மகன் பெயரை ஒரு நாளாவது சொல்கிறாரா என்று பார்க்கிறேன், சொன்னதில்லை. பிள்ளைப் பாசம் என்பதெல்லாம் இந்த ஆளிடம் கிடையாது.

ரஜப் பிறை 25

தெற்கே போகும் வியாபாரிகள் கோட்டைக்குக் கீழே தங்கினார்கள். அவர்களோடு போய்விடும், உம்மை யாரும் தடுக்க மாட்டார்கள் என்று ஆய்பிகே சொன்னார். தம்பிக்குத் தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்துதான் சொல்கிறாரா, புரியவில்லை. போய்ப் பார்த்தேன். கோவேறு கழுதைகள் எல்லாம் வற்றிப்போய் நிற்கின்றன. ஒன்றுக்கு இருமல் வேறு. அப்படிப்பட்ட கழுதையை நம்பி மலை தாண்ட முடியுமா? திரும்பி வந்துவிட்டேன். வந்த நேரத்துக்குக் கட்டு மாற்ற வேண்டியிருந்தது.

ரஜப் பிறை 28

காலையில் கோட்டை வாசலில் முப்பது நாற்பது குதிரைக்காரர்கள். மதியத்துக்குள் இருநூறு. எல்லோரும் வாளைத் தீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். ஒருவன் என்னைத் தூக்கிச் சுற்றி, "முரசு கேட்டுச்சு ஹக்கீம்! பேகு மறுபடி முரசடிச்சுட்டாரு!" என்று கத்தினான். அவன் வாய் நாற்றத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

நிலவறையின் அந்தத் துளை பாறைக்குள்ளாகவே ஓடி, கீழே ஆற்றங்கரையில் போய் முடிகிறதாம். மேலே எங்களுக்குக் கம்பளிக்குள் முனகியது, கீழே மலையே அதிர்வதுபோல் கேட்டிருக்கிறது. அஸர் நேரத்தில், தினமும். தண்ணீருக்கு வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். நம் பேகு சுல்தானுக்கு அடங்கவில்லை, போர் வரப்போகிறது.

ஆய்பிகே முரசுக்கோலை அடுப்பில் போட்டார். சுல்தானின் ஆட்கள் யாரும் அந்தக் கரைப் பக்கம் வந்திருக்க மாட்டார்கள் என்றேன். மூன்று பேரும் சேர்ந்து செய்த காரியம். யார் முதலில் சொன்னது என்று இப்போது ஆராய்ந்து என்ன ஆகப்போகிறது?

ஷஃபான் பிறை 3

குதிரைக்காரர்கள் ஐநூறைத் தாண்டிவிட்டார்கள். முற்றமெல்லாம் சாணமும் எலும்பும். தாவூத் அவர்கள் நடுவே நின்று, தூதன் வரட்டும், முரசடிக்கட்டும், எங்கள் அண்ணன் சிங்கம் மாதிரி உட்கார்ந்திருப்பார் பாருங்கள் என்று கொக்கரிக்கிறான். அண்ணன் மகனின் கண்கள் போவதைப் பற்றி அவனுக்கு என்ன? போனால் அவனுக்குத்தானே பட்டம்.

இவர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

"என்னான்னு சொல்ல? அடங்கி நிக்கிறதுக்கு ஒத்திகை பாத்தேன்னா?" என்றார் பேகு.

ஷஃபான் பிறை 8

இன்று பேகு பட்டைகளைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுச் சாய்ந்து கிடந்தார். வெளியே ஐநூறு பேரும் அவர் பெயரைச் சொல்லிக் கோஷம் போடுகிறார்கள்.

"கேக்குதா ஓய்? இப்படி யாரும் என்னையக் கூப்பிட்டு எத்தன வருசமாச்சு."

"கேக்குது எசமான்."

"உக்காந்திருந்தாப் போதும். காலும் வலிக்காது. எங்க வாப்பா பேரும் நெலைக்கும். இவனுங்களும் எனக்காகச் சாவானுங்க." புண்காலைத் தூக்கித் தலையணைமேல் வைத்துக்கொண்டார். "உக்கார்றது எவ்வளவு சுகம் தெரியுமா?"

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. சீழை நான் பொறுப்பேன், அதைக் கழுவினால் போகும். சொந்தக் குடிகளின் சோற்றை எரித்தவன் சொந்த மகனின் கண்ணை எரிக்கவா தயங்குவான்? உட்கார்ந்துவிடுவார். எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஷஃபான் பிறை 15

நாளை தூதர் வருகிறார். சபையில் எல்லோரும் நெருக்கமாக இருப்பார்கள், அந்தக் காலின் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் மீனம்பர் ஒரு கட்டி இருந்தது, திமிங்கிலம் கக்கும் வாசனைப் பொருள். ஊருக்குப் போனதும் விற்று வீட்டுக்கு ஓடு மாற்றலாம் என்று இத்தனை நாள் இடுப்பில் கட்டி வைத்திருந்தேன். அதைத் தூபத்தில் போடச் சொல்லி ஆய்பிகேயிடம் கொடுத்துவிட்டேன். என் மூக்குக்காகத்தான். நானும் அங்கே நிற்க வேண்டுமே.

ஷஃபான் பிறை 16

தூதர் மெலிந்த மனிதர். மெல்லிய குரல். வெட்டிச் சுத்தம் செய்த நகங்கள், கைகளில் பன்னீர் வாசம். இந்த மண்ணில் நான் பார்த்த முதல் சுத்தமான ஆள். பார்த்த உடனே பிடித்துப்போயிற்று. அவர்களோடு திரை போட்ட ஒரு பல்லக்கும் வந்தது. பரிசுப் பொருள் என்று நினைத்தேன்.

சபையில் பேகு மெத்தையில் உட்கார்ந்திருந்தார். காலையில் பட்டைகளைக் கட்டச் சொன்னார், கட்டினேன். உட்காரப்போகிறவருக்கு இது எதற்கோ. தூதர் தன் கையாலேயே பட்டு அங்கியை அவர் தோளில் போட்டார். மீனம்பர் மணத்தில் நாற்றம் தெரியவில்லை.

முரசு ஆரம்பித்தது. பேகு எழவில்லை. குதிரைக்காரர்களின் தொண்டையிலிருந்து ஓர் உறுமல் கிளம்பியது. தாவூத் சிரித்தான். ஆய்பிகே கண்களை மூடிக்கொண்டார். அட பாவி, உனக்காகவா என் மீனம்பரை எரித்தேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

அப்போது பேகு இரண்டு கைகளையும் மெத்தையில் ஊன்றினார். யாரையும் பார்க்காமல் எழுந்து நின்றார்.

உறுமல் அப்படியே அடங்கிப்போயிற்று. முரசு மட்டும்தான் கேட்டது.

"காக்கா, உக்காருங்க!" என்று அண்ணனைப் பார்த்துக் கத்தினான் தாவூத். "இத்தன பேரு உங்களுக்காக வந்திருக்கோம். உக்காருங்க காக்கா!"

பேகு அசையவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு கிழவன், பேகோடு மூன்று போரிலும் போனவனாம், அருகில் வந்து பட்டு அங்கியின்மேல் காறித் துப்பினான். எச்சில் வழிந்து இறங்கியது. பேகு அதைத் துடைக்கவில்லை. துப்பியவன் வெளியே போனான். அவன் பின்னால் பத்துப் பேர், பிறகு ஐம்பது பேர், பிறகு தாவூத். முரசு முடிவதற்குள் சபையில் பாதிக்கு மேல் காலியாகிவிட்டது.

நடுவில் சுள்ளி முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பட்டை இல்லை, எலும்பு. எனக்கு மட்டும்தான் தெரியும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஜோட்டின் விளிம்பிலிருந்து ரத்தம் கம்பளத்தில் சொட்டத் தொடங்கியது. ஆய்பிகே ஓர் அடி முன்னால் வந்து தன் பாவாடையால் அதை மறைத்துக்கொண்டு நின்றார். கடைசி அடி விழுகிற வரை பேகு நின்றார். அதன் பிறகும் நின்றார்.

தூதர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். "சுல்தான் மனசு குளுந்துருவாங்க. பேகு எந்திரிச்சு நின்னா மகன ஒப்படைச்சுட்டு வான்னு எனக்கு உத்தரவு." பல்லக்கின் பக்கம் கையைக் காட்டினார்.

திரை விலகியது. இல்யாஸ் இறங்கினான். கண்களைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருந்தது. ஒரு சிப்பாயின் தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து வந்தான்.

அதே மெல்லிய குரலில் தூதர் சொன்னார்: "போன மாசம் இந்தக் கோட்டைல அஸருக்கு முரசடிச்சத எங்க ஆளுங்க ஆத்தங்கரைல இருந்து கேட்டாங்க. நிபந்தனைல என்ன இருந்துச்சோ அதத்தான் செஞ்சோம். ஆனா சுல்தான் ரொம்ப எரக்கமுள்ளவங்க. உசிர எடுக்கல."

சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"வாப்பா, எங்க இருக்கீங்க?" என்றான் இல்யாஸ்.

"இங்கதான் வாப்பா. இங்கதான் நிக்கிறேன்" என்றார் பேகு.

"முரசு நின்னுபோச்சே. இன்னும் ஏன் நிக்கிறீங்க?"

பேகு மகனை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். அப்படியே மகனின் காலடியில் விழுந்தார்.

ஷஃபான் பிறை 17

பேகின் காலை வெட்டி எடுத்தேன். அவரை நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். வெட்டியதைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். மறுபடி வந்தபோது பேகுக்கு நினைவு இருந்தது. இல்யாஸ் தகப்பனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தான்.

"நீங்க முரசடிச்சதா அவங்க சொன்னப்ப நான் நம்பல வாப்பா. சத்தியம் பண்ணிச் சொன்னேன். என்னைய அங்க விட்டுட்டு எங்க வாப்பா முரசடிக்க மாட்டாங்க, அது வேற யாரோன்னு. கம்பி காயிற வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தேன்." நெற்றியைத் தடவிய கை நின்றது. "யாரு வாப்பா அடிக்கச் சொன்னது?"

ஆய்பிகே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் கையில் கட்டுத்துணி இருந்தது. அதைச் சுருட்டத் தொடங்கினேன்.

"நான்தான்" என்றார் பேகு.

"எதுக்கு வாப்பா?"

"என் முரசு. கேக்கணும்னு ஆசையா இருந்துச்சு."

"தம்பி…" என்று ஆய்பிகே ஆரம்பித்தார்.

"லாத்தா, நீ சும்மா இரு." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "கட்டு தளந்திருக்கு ஓய். இறுக்கும்."

இறுக்கினேன்.

இல்யாஸ் தகப்பனின் தலையை மடியிலிருந்து எடுத்துத் தலையணையில் வைத்தான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். எழுந்து சுவரைத் தடவித் தடவி வெளியே போனான்.

பேகு பொய் சொன்னார். அவருக்கு வழக்கம்தான்.

ஷஃபான் பிறை 20

காய்ச்சல் கொதிக்கிறது. பிதற்றல். இத்தனை நாளும் சொல்லாத பெயரை இப்போது மூச்சுக்கு மூச்சு சொல்கிறார். இல்யாஸ் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். கேட்காமலா இருக்கும்? வரவில்லை.

ஆய்பிகே வாசலில் என்னை மறித்தார். "ஒரு வார்த்த ஹக்கீம். நீர் ஒரு வார்த்த சொன்னா அவன் வந்து தகப்பன் கையப் பிடிப்பான். நான் சொன்னா, தம்பியக் காப்பாத்தப் பொய் சொல்றேன்னு நெனைக்கிறான்."

கண் போன கோபத்தில் என்னை ஏதாவது செய்துவிட்டால் கட்டு மாற்றுவது யார் என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டியதில்லை.

ஷஃபான் பிறை 21

நாளை சொல்லலாம் என்று இருக்கிறேன்.

ஷஃபான் பிறை 22

விடியல் தொழுகை சுபுஹுக்குப் பிறகு பேகு போய்விட்டார். கோட்டைச் சாவி தாவூதின் இடுப்புக்குப் போய்விட்டது. எனக்கு இரண்டு கோவேறு கழுதைகளும் வழித்துணைக்கு ஆளும் கொடுக்கச் சொல்லி அக்காவிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாராம். அறையெல்லாம் கழுவிச் சாம்பிராணி போட்டாயிற்று. நாற்றம் துளியும் இல்லை. ஆனாலும் எனக்குக் காலையிலிருந்து குமட்டிக்கொண்டே இருக்கிறது. சாப்பாடுதான் காரணமாக இருக்கும்.

அடக்கத்துக்கு இருபது பேர்கூட இல்லை. இல்யாஸ் தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஆய்பிகே கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. மகன் போட வேண்டிய மூன்று பிடி மண்ணை யார் போடுவது என்று முல்லா சுற்றுமுற்றும் பார்த்தார். தாவூத் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். நான் குனிந்து அள்ளிப் போட்டேன்.

மண் விழுந்த சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கிறது. "யாரு போட்டது?" என்றான்.

"ஹக்கீம்" என்றார்கள்.

"நல்ல மனுசன்" என்றான் இல்யாஸ்.

நான் சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். நேற்றிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் வெறும் பித்தம்தான் வந்தது.